வெளிநாட்டு வசூல்

படம் அமெரிக்காவில் படுத்துவிட்டது என்று கமலாக்ஷி சேச்சி போனில் சொன்னபோது நான் மத்தி கழுவிக்கொண்டிருந்தேன். போன வருஷம் கொச்சி மட்டாஞ்சேரியில், எங்கள் கொச்சங்காடியில் எடுத்த ஹாலிவுட் படம் அது. இங்கே நடிக்க ஆட்களைப் பிடித்துக் கொடுத்தவர் சேச்சிதான். தையல் மிஷினை விட்டு அசையாத என்னை இழுத்துக்கொண்டு போய், கதாநாயகனைச் சுக்குக் கிடங்கில் ஒளித்துவைக்கும் பெண்ணாக நிறுத்தினார். கடைசியில் என் வயிற்றில் குண்டு பாயும். ஆனால் சாகமாட்டேன். இரண்டாம் பாகம் வந்தால் கதையே என்னிடமிருந்துதான் தொடங்கும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார். அவர்கள் ஊரில் போனது போகட்டும், வெளிநாட்டு வசூல் தூக்கிவிட்டால் இரண்டாம் பாகம் உண்டு, இல்லாவிட்டால் இல்லை என்றார் சேச்சி.

நாற்பதைத் தாண்டி வரும் ஆசை முதுகு அரிப்பு மாதிரி. எட்டிச் சொறியவும் முடியாது, நாலு பேர் முன்னால் சொல்லவும் முடியாது. எனக்கு அந்த இரண்டாம் பாகம் வேண்டும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், தொழுகையில்கூட அதைத்தான் கேட்டேன்.

என் வீட்டுக்காரர் மொய்து காரியத்தில் இறங்கினார். எங்கள் ஊரில் சாயா குடிக்கிற எல்லோருக்கும் சினிமா வசூல் மனப்பாடம். கேரளாவில் இவ்வளவு, வெளிநாட்டில் இவ்வளவு என்று பிரித்துச் சொல்வார்கள். மலையாளப் படத்துக்கு வெளிநாடு என்றால் கல்ஃப்தான். துபாயில் இருக்கும் என் தம்பி ஃபவாஸ் முதல் மஸ்கட்டில் பெட்டிக்கடை வைத்திருக்கும் மச்சான்வரை ஒருத்தரையும் விடாமல் போன் போட்டு, குடும்பத்தோடு போகச் சொன்னார். தெரு ஆட்கள் படம் பார்க்க எறணாகுளத்துக்குக் கிளம்பியபோது இவரே குறுக்கே நின்றார்.

"நம்ம டிக்கெட்டு கணக்குல வராது. காசை வீணாக் களையாதீங்க. பின்ன மொபைல்ல வரும், பாத்துக்கலாம்."

தெருவும் நல்ல பிள்ளையாக வீட்டில் உட்கார்ந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை சேச்சி மறுபடியும் கூப்பிட்டார். கொச்சியில் தியேட்டர் காற்று வாங்குகிறதாம். தமிழ் டப்பிங் காட்சி ஒன்றுதான் மிச்சம், அதையும் வியாழனோடு தூக்கப்போகிறார்களாம். அதனாலென்ன, வெளிநாட்டு வசூல்தானே நமக்கு வேண்டும் என்றேன்.

"எடீ லதீஃபா, அமெரிக்காக்காரனுக்கு நம்ம மட்டாஞ்சேரி பின்ன எந்தா, உள்நாடா?"

ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். மொய்துவின் முகம் போன போக்கைப் பார்த்ததும் திட்ட வந்த வாய் மூடிக்கொண்டது. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அவர் சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். கிடங்கு கிடங்காக ஏறி, தான் சொன்னது தப்பு, எல்லோரும் வரவேண்டும் என்று கேட்டாராம். அவர் வாயிலிருந்து தப்பு என்ற சொல் வந்து நான் கேட்டதில்லை. எறணாகுளம் மார்க்கெட்டில் காய் விற்கும் தேனிப் பக்கத்துப் பெண்களைக்கூட விடவில்லை.

புதன்கிழமை மாலைக் காட்சியில் தியேட்டர் முக்கால்வாசி நிறைந்தது. திரையில் நான் வாயைத் திறந்ததும் யாரோ ஒருத்தியின் அழகான தமிழ் வந்தது. தெருவே சிரித்தது. குண்டு பாய்ந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. மூட்டைமேல் சாய்ந்து கிடந்தேன், மூச்சு ஏறி இறங்கியது. இத்தனை பேர் நடுவில் மொய்து என் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

வெளியே வந்தபோது காய்க்காரப் பெண்களில் அங்கம்மாள் என்பவள் என்னை மறித்தாள். என் முகத்தைப் பார்த்தாள், பிறகு வயிற்றைப் பார்த்தாள்.

"பொழச்சுக்கிருவியா தாயி?"

"தெரியலக்கா. இன்னும் நாலு பேரு வந்து பாத்தாப் பொழைப்பேன்."

அவள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். படியிறங்கிக்கொண்டிருந்த தன் கூட்டத்தைக் கையைத் தட்டி நிறுத்திவிட்டு, அந்தப் பக்கம் எடுத்தவரிடம், நாளைக்கு மாலைக் காட்சிக்கு முன்னால் கடையைக் கட்டச் சொன்னாள்.