லென் கூபியாக்கின் இரண்டரை நிமிடம்

லென் கூபியாக் இன்னும் சாகவில்லை. ஆனால் அவர் செத்துப்போன செய்தியை எழுதி முடிக்க மார்வா டில்லர்டுக்கு வெள்ளிக்கிழமை வரைதான் கெடு.

இதில் யாருக்கும் மனக்குத்தல் கிடையாது. டொலீடோ நகரத் தொலைக்காட்சியின் ஆறாம் சானலில் ஊரறிந்த மனிதர் எவரும் எழுபதைத் தாண்டினால் அவருடைய சாவுச் செய்தி எழுதித் தயாராக வைக்கப்படும். பழைய மேயர், பிஷப், கண்ணாடித் தொழிற்சாலை முதலாளி என்று நாற்பது பேர் மார்வாவின் கணினியில் நல்ல ஆரோக்கியத்தோடு செத்துக் கிடந்தார்கள். அந்த வழக்கத்தை அங்கே கொண்டுவந்தவரே லென்தான். ஆள் போன பிறகு விசாரித்தால் அழுகைதான் கிடைக்கும், தகவல் கிடைக்காது என்பார். இப்போது நுரையீரல் இரண்டும் கைவிட்டு, நகரத்துக்கு வெளியே ஒரு மருத்துவ விடுதியில் அவர் படுத்திருந்தார். வயது எழுபத்தொன்பது.

மார்வாவுக்கு ஐம்பத்தெட்டு. அதில் முப்பது வருடத்தை ஆறு மணிச் செய்தி தின்றிருந்தது. லென்னைப் பற்றி எழுத அவளைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்று எல்லோரும் சொன்னார்கள். லென்னிடம் அவளளவுக்குத் திட்டு வாங்கிய ஆள் இல்லை என்பதுதான் அதன் அர்த்தம்.

எழுத விஷயத்துக்கா பஞ்சம்? போலிஷ் ரொட்டிக் கடைக்காரர் மகன். வானொலியில் போலீஸ் செய்தி வாசித்து, எழுபத்து நான்கில் தொலைக்காட்சிக்கு வந்தவர். மற்ற நிருபர்கள் தொலைபேசியில் கேட்டதை இவர் ஆளின் வீட்டு வாசலில் போய்க் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவைத் தட்டுவார். திறந்தாலும் செய்தி, மூஞ்சியில் அறைந்து சாத்தினாலும் செய்தி. ஒரு நகரசபை உறுப்பினர் அவர் மேல் சூடான காபியை ஊற்றினார். அந்தக் காட்சியை நிலையம் ஒரு வருடம் விளம்பரமாக ஓட்டியது. நான்கு வழக்குகள், ஒன்றில் தோல்வி. முதியோர் இல்லம் ஒன்றில் கிழவர்களைக் கட்டிலோடு கட்டி வைத்ததை வெளியே கொண்டுவந்து அதை இழுத்து மூடவைத்தார். அதற்காக ஊர் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டது. எண்பத்தெட்டில் செய்தித் தலைவரானார். முதல் வாரமே ஒன்பது பேரை வீட்டுக்கு அனுப்பினார். மூன்றாம் இடத்தில் சவலையாகக் கிடந்த நிலையத்தை இரண்டே வருடத்தில் முதலிடத்தில் உட்கார வைத்தார். கடைவீதியில் அவரைப் பார்த்தால் பாதிப் பேர் கை கொடுப்பார்கள். மீதிப் பேர் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்கள்.

அவருடைய வேதம் ஒன்றே ஒன்று: பெயர். பெயரைச் சொல்லாத செய்தி வெறும் வம்பு என்பார். மற்றவர்கள் ஆறரைக்குச் சொல்வதை நாம் ஆறுக்குச் சொல்ல வேண்டும், பெயரோடு.

அந்த வேதம்தான் தொண்ணூற்றாறில் ஆர்லன் பெட்டிஸைக் கொன்றது. உயிரோடுதான் இருந்தார், ஆனாலும் கொன்றது.

அந்த மார்ச்சில் லாக்ரேஞ்ச் தெருவில் ஒரு தபால்காரரை ஒரு கார் மோதிவிட்டு நிற்காமல் போனது. அவர் அங்கேயே இறந்தார். யாரோ வண்டி எண்ணைக் குறித்திருந்தார்கள். போலீஸ் பெயர் சொல்ல மறுத்தது. லென் தனக்குத் தெரிந்த வாகனப் பதிவு அலுவலக ஆள் மூலம் அந்த எண் யார் பேரில் இருக்கிறது என்று பிடித்துவிட்டார். ஆர்லன் பெட்டிஸ், பள்ளிப் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். ஐந்தே காலுக்கு கேமரா வேன் அவர் வீட்டு வாசலில். முகத்தில் பாதி சவர நுரையோடு கதவைத் திறந்தவர், விளக்கைப் பார்த்து மிரண்டு சாத்திக்கொண்டார். ஆறு மணிக்கு அந்த முகமும் அதன் கீழே பெயரும் ஊர் முழுக்கத் தெரிந்தன. பெயரைத் திரைக்குத் தட்டச்சு செய்தவள் மார்வா.

பெட்டிஸ் அந்தக் காரை மூன்று வாரத்துக்கு முன்பே விற்றிருந்தார். வாங்கியவன் பதிவை மாற்றாமல் ஓட்டிக்கொண்டிருந்தான். போலீஸ் பெயரைச் சொல்லாததற்குக் காரணமே அதுதான். மறுநாள் மத்தியானம் அவன் பிடிபட்டான். அன்று ஆறு மணிக்கு லென் வாசிக்கச் சொன்னது ஒரே வரி: "தபால்காரர் வழக்கில் புதிய திருப்பம், ஒருவர் கைது." நேற்று சொன்ன பெயர் தவறு என்று ஒரு வார்த்தை இல்லை. கேட்ட ஊர்க்காரர்கள், பெட்டிஸும் அவனும் கூட்டுச் சேர்ந்து செய்திருப்பார்கள் என்று முடிவுகட்டினார்கள்.

இரண்டு நாள் கழித்து பெட்டிஸ் தொலைபேசியில் வந்தார். எடுத்தது மார்வா. மனிதர் கத்தவில்லை. "அன்னைக்குச் சொன்ன மாதிரியே, தப்புன்னு சொல்லச் சொல்லுங்கம்மா. அதே ஆறு மணிக்கு. என் பேரோட," என்றார். அவள் அதை இளஞ்சிவப்புச் சீட்டில் குறித்துக்கொண்டு, "சொல்ல வைக்கிறேன் சார்," என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். லென் சீட்டை வாசித்தார். "நாம திரும்பிப் பாக்குற ஆளுங்க இல்ல மார்வா. நாளைக்கு வர்ற செய்திதான் திருத்தம்," என்று திருப்பிக் கொடுத்தார். பெட்டிஸுக்கு வேலை போனது, பிறகு மனைவி போனாள், பிறகு அவரே ஊரை விட்டுப் போனார். சீட்டு மட்டும் மார்வாவின் மேசை இழுப்பறையில் இருபத்தேழு வருடம் தங்கியது.

இப்போது அவள் நான்கு வரி எழுதிவிட்டாள். பெட்டிஸின் பெயர், அவர் குற்றமற்றவர், மறுநாளே தெரிந்தும் இந்த நிலையம் அதைச் சொல்லவில்லை. லென் சாகும் நாளில் ஊரே ஆறு மணிக்குப் பார்க்கும். அவள் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற அதைவிட்டால் வேறு நாள் வராது.

நிலைய மேலாளர் கெல்சி பிராண்ட் அவளை அறைக்குக் கூப்பிட்டாள். முப்பத்தெட்டு வயது, விளம்பரப் பிரிவிலிருந்து வந்தவள், கெட்டவள் இல்லை.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க மார்வா. இந்த நாலு வரி மட்டும் எதுக்கு?"

"நடந்துச்சு. அதுக்குத்தான்."

"ஒரு மனுஷனை அனுப்பி வைக்கிறப்ப கொஞ்சம் பாசமா அனுப்பலாமே."

"லென் யாரையும் பாசமா அனுப்பினதில்ல. செத்துப்போன முந்தின பிஷப்பை எப்படி அனுப்பினாருன்னு பழைய டேப்பைப் போட்டுப் பாருங்க."

கெல்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி, அவர்கிட்டயே காட்டுங்க. அவர் ஒத்துக்கிட்டா போடலாம். நம்ம வக்கீலும் வாய் திறக்க மாட்டாரு."

செய்தியில் வருகிற ஆளிடம் செய்தியை முன்கூட்டிக் காட்டக் கூடாது என்பது லென்னின் இரண்டாவது சட்டம். மீறியவர்கள் வேலையை இழந்திருக்கிறார்கள். அவரிடமே அதை மீறப் போகிறோம் என்ற எரிச்சலோடு மார்வா வண்டியை எடுத்தாள். தவக்கால நோன்புக்கு முந்தின செவ்வாய் என்பதால், அன்றைக்கென்றே போலிஷ்காரர்கள் எண்ணெயில் பொரிக்கும் இனிப்பு உருண்டையான பொன்ச்கி இரண்டு வழியில் வாங்கிக்கொண்டாள், அவருக்குப் பிடித்த பிளம் ஜாம் வைத்தது.

அறையில் மூக்கில் குழாயோடு லென் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சுவரில் போட்டிச் சானல் ஓடிக்கொண்டிருந்தது.

"எதிரியைப் பாக்குறீங்களா?"

"உங்களோடதைப் பாத்தா எனக்கு ரத்தக் கொதிப்பு ஏறுதாம். நர்ஸ் மாத்திட்டா. என்ன கொண்டு வந்திருக்க, பொன்ச்கியா? இன்னொரு கையில என்ன?"

"நீங்க செத்த செய்தி."

"கொடு. எத்தனை நிமிஷம்?"

"ரெண்டரை."

"பிஷப்புக்கு ரெண்டுதான் கொடுத்தோம்." முகத்தில் சந்தோஷம் தெரிந்தது. பிறகு சிவப்புப் பேனாவைக் கேட்டார். தன் சட்டத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. ஆளுக்கு ஆசை இருக்கத்தானே செய்யும் என்று மார்வா நினைத்துக்கொண்டாள்.

கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே உதடசைத்து வாசித்தார். "‘அஞ்சாநெஞ்சர்’. இது யார் எழுதினது, வாழ்த்து அட்டை விக்கிறவனா?" ஒரு கோடு. "மூணு விருது எதுக்கு? ஒண்ணு போதும்." இன்னொரு கோடு. முதியோர் இல்லத்தை விட்டுவைத்தார். அந்த நான்கு வரிக்கு வந்ததும் உதடு நின்றது. பிறகு பேனாவை அழுத்தி ஆர்லன் பெட்டிஸ் என்ற பெயரை அடித்தார்.

மார்வாவுக்கு உச்சந்தலை வரை சூடு ஏறியது.

"சாகப்போறப்பகூட உங்களுக்கு மனசு வரலை இல்ல? ஊர்ல இருக்கவன் பேரையெல்லாம் சந்தி சிரிக்க வச்சீங்க. பேர் இல்லாதது வம்புன்னு எனக்குப் பாடம் நடத்தினீங்க. இப்ப ஒருத்தன் பேரை நல்லவன்னு சொல்ல மட்டும் பேனா தடுக்குதா? நான் அந்த ஆளுக்கு வாக்குக் கொடுத்திருக்கேன் லென். நான்தான் போனை எடுத்தேன், நீங்க இல்ல."

அவர் பேனாவைப் போர்வை மேல் வைத்தார்.

"ரிட்டயர் ஆன வருஷம் அவரைத் தேடிப் போனேன்," என்றார். "மிச்சிகன்ல ஒரு ஏரிப் பக்கம். படகு மோட்டார் ரிப்பேர் பண்றாரு. கேமரா இல்லாம நான் தட்டின முதல் கதவு அது."

மார்வா உட்கார்ந்தாள்.

"தொறந்தாரு. என்னைப் பாத்ததும் தெருவை ரெண்டு பக்கமும் பாத்தாரு, வேன் நிக்குதான்னு. மன்னிப்பு கேட்டேன். இன்னும் எனக்கு அங்க செல்வாக்கு இருக்கு, ஆறு மணிக்கு உங்க பேரைச் சொல்லி தப்புன்னு சொல்ல வைக்கிறேன்னேன். அவரு சொன்னாரு: ‘மறுநாள் சொல்லியிருந்தா என் வேலை தங்கியிருக்கும். இப்ப எனக்கு இங்க வேற குடும்பம் இருக்கு. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னைக்கு நீங்க சொன்னது காத்தோட போச்சு. இன்னைக்கு நீங்க போடுறது கம்ப்யூட்டர்ல நிக்கும், அழியாது. இவனை நல்லவன்னு எதுக்குச் சொல்றாங்கன்னு தோண்டுவாங்க. இனிமே என் பேர் உங்க சானல்ல வரவே கூடாது.’ கதவைச் சாத்திக்கிட்டாரு. மெதுவாத்தான் சாத்தினாரு."

மூச்சு வாங்கியது. குழாயைச் சரிசெய்து கொண்டார்.

"பன்னெண்டு வருஷமா ஏன் என்கிட்ட சொல்லலை?"

"என்னைக்காவது சரி பண்ணிடலாம்னு நீ நம்பிக்கிட்டு இருந்த. அதைப் பிடுங்க எனக்கு மனசு வரலை."

மார்வா அழுதாள். லென்னுக்காக இல்லை. பெட்டிஸ் கேட்டது மிகச் சின்ன விஷயம், ஒரே ஒரு நாள் மட்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அன்றைக்குச் சண்டை போட்டு வாங்கியிருக்கலாம். சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொண்டாள், அவ்வளவுதான் செய்தாள்.

லென் மறுபடி பேனாவைத் தாளில் வைத்தார். "இது என்ன, ‘இந்த நிலையம் சொல்லவில்லை’? நிலையம்னா யாரு, கட்டடமா? தப்பு பண்ணவன் பேரைப் போடாம என்ன செய்தி இது?" அடித்துவிட்டு மேலே எழுதினார்: சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கூபியாக்.

"திரையில அந்தப் பேரைப் போட்டது நான்தான் லென்."

"உன் சாவுச் செய்தில போட்டுக்கோ. இதுல இடம் இல்ல." பொன்ச்கியை எடுத்துக் கடித்தார். ஜாம் சட்டையில் விழுந்தது.

பதினோரு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை லென் போனார். அன்று ஆறு மணிக்குச் செய்தி ஓடியது, சரியாக இரண்டு நிமிடம் இருபது நொடி. பேருந்துப் பணிமனை இல்லை, சவர நுரை இல்லை, தெருப் பெயர் இல்லை. தொண்ணூற்றாறில் ஒரு குற்றமற்ற மனிதரைக் கொலைகாரர் என்று காட்டினார், மறுநாளே தவறு தெரிந்தும் சொல்ல வேண்டாம் என்று முடிவெடுத்தவர் கூபியாக் என்று மட்டும் இருந்தது. கெல்சி ஒரு வார்த்தை மாற்றவில்லை.

வாசித்து முடிக்கும் முன்பே தொலைபேசிகள் அடிக்கத் தொடங்கின. மார்வாவே உட்கார்ந்து எடுத்தாள். பதினேழு அழைப்பு. இரண்டு பேர் அனுதாபம் சொன்னார்கள். மற்ற பதினைந்து பேரும் கேட்டது ஒன்றைத்தான்: யார் அந்த ஆள்? அவர் இப்போது எப்படி இருக்கிறார் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. பெட்டிஸ் சொன்னது எவ்வளவு சரி என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

கடைசியாக வந்தவள் லாக்ரேஞ்ச் தெருப் பக்கத்துப் பெண். குரலில் வயது தெரிந்தது.

"நாப்பது வருஷமா உங்க சானல்தான் பாக்குறேன். யாருங்க அந்த ஆளு? பேர் உங்ககிட்ட இருக்கா இல்லையா?"

இளஞ்சிவப்புச் சீட்டு மேசை மேல் இருந்தது. ஆறு மணிக்கு, பேரோடு என்று அவளுடைய பழைய கையெழுத்து. மார்வா அதைக் கவிழ்த்து வைத்தாள்.

"இருக்கும்மா. சொல்ல மாட்டோம்."

"பேரை மறைக்கிற சானலா ஆயிட்டீங்களா? லென் இருந்திருந்தா இப்படி நடக்குமா? அவர் சொல்லியிருப்பாரு."

"சிவப்புப் பேனாவால அந்தப் பேரை வெட்டினதே லென்தான்," என்றாள் மார்வா.