படம் நின்ற இடம்

அந்த வருஷம் திருவனந்தபுரம் சாலைக் கடைத்தெரு முழுக்க டிஸ்க்கில் படம் எழுதித்தரும் டிவிடி ரைட்டர் டிரைவ் பேச்சுதான். ஆரியசாலைச் சந்திப்பில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த நீலகண்டன், புதிய ரைட்டர் எது வந்தாலும் பிரித்துக்கூடப் பார்க்காமல், கடையில் வேலை பார்த்த சுமியின் மேஜையில் வைத்துவிடுவார். அவள் சரி என்றால் கடையில் விற்பனைக்கு எடுப்பார், இல்லையென்றால் திருப்பி அனுப்புவார். அங்கே அதுதான் சட்டம்.

சும்மா சொல்லக்கூடாது, சுமி கெட்டிக்காரிதான். கம்ப்யூட்டரைத் திறந்து பழைய டிரைவைக் கழற்றிப் புதியதைப் பொருத்துவாள். உச்ச வேகத்தில் ஒரு டிஸ்க், மெதுவாக ஒரு டிஸ்க் எழுதுவாள். எழுதியதைத் திரும்பப் படிக்கவைத்து, பிழைகளைக் காட்டும் கோடு திரையில் எங்கே ஏறுகிறது என்று பார்ப்பாள். டிஸ்க்கில் உள்ளேயிருந்து வெளி விளிம்பை நோக்கித்தான் எழுதப்படும். மட்டமான டிரைவ் முதலில் நல்ல பிள்ளையாக நடிக்கும்; விளிம்புக்கு வரும்போதுதான் குட்டு வெளிப்படும். ஆகவே படத்தின் கடைசிப் பகுதி ஒழுங்காக ஓடினால்தான் அவளிடம் பாஸ்.

இந்தத் தடவை அவள் எழுதிப் பார்த்துக்கொண்டிருந்தது அவளுடைய அப்பா ராஜையனின் அடக்கப் படம்.

அடக்கத்துக்கு வீடியோவா என்று முகம் சுளிப்பவர்கள் சுளித்துக்கொள்ளட்டும். பிள்ளை வளைகுடாவில் கிடக்கிற வீட்டில் வேறு என்னதான் செய்வது? தம்பி ஷாஜி தம்மாமில் இருந்தான். பாஸ்போர்ட் கம்பெனி கையில். அப்பா இறந்த அன்று அவன் காலில் விழாத குறையாகக் கெஞ்சியும் லீவு கொடுக்கவில்லை, பாவிகள். பாறசாலைக்குப் பக்கத்தில் இருந்த அவர்கள் வீட்டு முற்றத்தில் பாட்டு, ஜெபம், வந்தவர் போனவர் என்று எல்லாவற்றையும் கேமராக்காரர் எடுத்தார்.

கடைசியில்தான் முத்தம். பெட்டியை மூடும் முன்பு பிள்ளைகள் மூத்தவர் முதலாக வந்து நெற்றியில் முத்தமிட வேண்டும். சுமி குனிந்து முத்தமிட்டு நிமிர்ந்தாள். அடுத்தது ஷாஜியின் முறை. வர ஆளில்லை. மூடியைப் பிடித்திருந்தவர்கள் பாஸ்டரின் முகத்தைப் பார்த்தார்கள். அப்போது அம்மா தங்கபாய் சுமியின் முதுகில் கைவைத்து அழுத்தி, "இது ஷாஜிக்கு, மக்களே" என்றாள். சுமி இன்னொரு தடவை குனிந்தாள்.

அதை ஷாஜி பார்க்க வேண்டும். சுமிக்கு வேண்டியதெல்லாம் அது ஒன்றுதான். அப்பாவுக்கு அவனுடைய முத்தமும் போய்ச் சேர்ந்தது என்று அவனுக்குத் தெரிய வேண்டும். போனில் சொன்னால் தேற்றுவதற்காகச் சொல்கிறாள் என்று நினைப்பான். கண்ணாலேயே பார்க்கட்டும் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

கடையின் பழைய டிரைவில் எழுதி அனுப்பிய முதல் டிஸ்க் தம்மாம் போய்ச் சேர்ந்த வெள்ளிக்கிழமை ஷாஜியின் போன் வந்தது.

"எக்கா, டிஸ்க் கொழப்பமாக்கும், கேட்டியா. நீ முத்தம் குடுத்துட்டு நிமிருதல்லியா, அங்கன வந்து நிக்குது. பொறவு நவுர மாட்டேங்குது."

சுமி படத்தின் நேரத்தைக் கணக்குப் பார்த்தாள். சரியாக விளிம்பு. கடையிலிருந்த டிரைவும் பழசுதான், என்ன செய்ய? நல்ல டிஸ்க்காக வாங்கி, இருப்பதிலேயே மெதுவான வேகத்தில் எழுதி, லீவு முடிந்து தம்மாமுக்குத் திரும்பிக்கொண்டிருந்த எலிசாள் என்ற நர்ஸிடம் கொடுத்தனுப்பினாள். அதுவும் அதே இடத்தில் நின்றது.

அப்புறம்தான் இந்தப் புதிய டிரைவ் வந்தது. இதிலாவது கோட்டைவிடக்கூடாது என்று பிடிவாதமாக உட்கார்ந்தாள். எல்லா வேகத்திலும் எழுதினாள். பக்கத்துக் கடைகளின் பிளேயர்களையெல்லாம் இரவல் வாங்கிவந்து ஓட்டினாள். பாட்டையும் ஜெபத்தையும் தள்ளிவிட்டுக் கடைசிக்குப் போய், அப்பாவின் முகத்தில் கட்டம் கட்டமாக உடைகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தாள். முகத்தைத்தான் பார்த்தாள், அப்பாவைப் பார்க்கவில்லை. எங்கேயும் ஒரு புள்ளி உடையவில்லை. அந்த டிஸ்க்கும் கடல் தாண்டிப் போயிற்று.

"அங்கனதான் எக்கா," என்றான் ஷாஜி. "நீ நிமிந்த ஒடனே."

சுமி டிரைவைக் கழற்றி அதன் அட்டைப்பெட்டிக்குள் திணித்தாள். அவ்வளவு கோபம்.

"ஏம்மா சுமி, நானும் நாலு படம் போட்டுப் பாத்துட்டேன், ஜம்முனு ஓடறது," என்றார் நீலகண்டன். "நீ மட்டும் ஆகாதுங்கறே. உன் வார்த்தையை நம்பித்தான் நான் கடை நடத்தறேன், அதனால வாயை மூடிண்டிருக்கேன்."

"எனக்கு மனசுக்குப் பிடிக்கல்ல சார். திருப்பி அனுப்பீருங்க."

அனுப்புவதற்குள் மைதீன் வந்துவிட்டான். தம்மாமில் ஷாஜியோடு ஒரே அறையில் இருப்பவன். பீமாபள்ளிக்காரன், லீவில் வந்திருந்தான். பேரீச்சம்பழப் பொட்டலத்தோடு அந்த மூன்றாவது டிஸ்க்கையும் கொண்டுவந்திருந்தான். எங்கே கோளாறு என்று பார்க்க சுமிதான் கொடுத்துவிடச் சொல்லியிருந்தாள்.

அவன் எதிரிலேயே போட்டாள். சுமி குனிந்தாள், நிமிர்ந்தாள், படம் நிற்கவில்லை. அம்மாவின் கை வந்தது. சுமி மறுபடி குனிந்தாள். பெட்டி மூடியது.

"ஓடுதே!" என்றாள் சுமி. "அப்போ உங்க ரூம்ல உள்ள பிளேயருக்குத்தான் கேடு."

மைதீன் தலையைக் குனிந்துகொண்டான். "பிளேயருக்கு ஒரு கேடும் இல்ல அக்கா. அங்கயும் ஓடும்."

"பின்ன?"

"வெள்ளிக்கெழம ஆனா போதும், போட்டுக்கிட்டு இருப்பான். நீங்க நிமிர்ற நேரம் பாத்து ரிமோட்டை அமுக்கிருவான். அடுத்தது எனக்க முறையாக்கும்பான். நான் அங்க இல்லேங்கறத நானே பாக்கணுமாடேன்னு கேட்டுட்டு வெளிய எறங்கிப் போயிருவான். நான் என்ன அக்கா சொல்ல?"

"நீயாவது மிச்சத்தப் பாத்தியா?"

"அவன் பாக்காதத நான் எப்பிடிப் பாக்க?"

சுமி டிஸ்க்கை வெளியே எடுத்தாள். ஐயோ, ஷாஜிப் பயல் வாராவாரம் போட்டு, இன்னும் ஒரு நொடி பொறுத்தால் தெரிந்துவிடும் என்கிற இடத்தில் நிறுத்தி நிறுத்தி, தன்னைத் தானே தின்றுகொண்டிருக்கிறானே! அவள் வேகத்தைக் குறைத்துக் கூட்டி, பாவம் டிரைவைத் திட்டிக்கொண்டிருந்தாள். மைதீன் போன பிறகு மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். நீலகண்டன் கண்டும் காணாததுபோல வெளியே போனார்.

வெள்ளிக்கிழமை ஷாஜி கூப்பிட்டான்.

"மைதீன் வந்தானா எக்கா? டிஸ்க் போட்டுப் பாத்தியா?" அவன் குரலில் பயம் இருந்தது. "நிக்குதுதானே?"

"நிக்குது," என்றாள் சுமி. "நீ சொன்ன அதே எடத்துல. டிரைவ் செரியில்ல. இனி எழுதி அனுப்பல்ல ஷாஜி. அதுக்குப் பொறவு உள்ளத நான் வாயால சொல்லட்டா?"

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"நான் நிமிந்தேனா, ஒனக்க முறைக்கு எல்லாரும் காத்து நின்னாங்க. ஒருத்தரும் பெட்டிய மூடல்ல. அம்மை எனக்க முதுகுல கைய வெச்சு, இது ஷாஜிக்குன்னு சொன்னா. நான் பின்னயும் குனிஞ்சு முத்தம் குடுத்தேன். அது ஒனக்க முத்தமாக்கும்."

 

"எக்கா."

"சொல்லு."

"அப்பாக்க நெத்தி தணுத்திருந்துதா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். ஆனால் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்த அந்தக் குளிர் இன்னும் அவள் உதட்டில் இருந்தது.

"நான் குடுத்தப்போ நல்ல தணுப்பு," என்றாள். "ஒனக்குள்ளது குடுத்தப்போ அவ்வளவு இல்ல. அங்க எனக்க வாய் பட்டிருந்துதே."

அந்தப் பக்கம் ஷாஜி வாய்விட்டு அழத் தொடங்கினான். அப்பா இறந்த சேதி கேட்ட அன்றுகூட அவன் அப்படி அழுது அவள் கேட்டதில்லை. அழாதே என்று சொல்லாமல், போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.