இந்தத் தடவை உடம்பு இருக்கு

கணவரின் இடது காலில் காலுறையை ஏற்றிக்கொண்டிருந்தாள் ஜானு. விறைத்த பாதம் வளைந்து கொடுக்கவில்லை.

"வேண்டாம் மாமி. குளிப்பாட்டறச்சே எப்படியும் கழட்டணும்" என்றார் வாத்யார்.

"அதுவரைக்கும் இருக்கட்டும்."

விடியற்காலை வந்த மாரடைப்பு பிரிகேடியர் வெங்கடரமணனுக்கு எழுந்து உட்காரக்கூட அவகாசம் தரவில்லை. அடையாறு வீட்டின் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் காலைத் தொட்டுக் கும்பிட்டார்கள். அந்த இடது பாதத்தில் இரண்டு விரல்கள் கிடையாது. சென்னை வெயிலிலும், வீட்டுக்குள்ளும்கூட, அவர் காலுறை இல்லாமல் நடந்ததில்லை.

இமயமலைப் பனியில் விரல்கள் போன அந்த அறுபத்திரண்டில்தான் அவர் முதல் தடவை செத்துப்போனார்.

அப்போது அவர் கேப்டன். கல்யாணமாகி ஏழு மாதம். சீனாக்காரனோடு சண்டை நடந்துகொண்டிருந்தபோது மயிலாப்பூர் சித்திரக்குளத்து வீட்டுக்குத் தந்தி வந்தது: காணவில்லை, இறந்திருக்க வேண்டும் என்று. "உடம்பு வரலையே, கொஞ்ச நாள் பார்க்கலாமே" என்று ஜானு சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை. தர்ப்பையில் உருவம் செய்து எரித்தார்கள். கொள்ளி வைத்தவன் காலேஜில் படித்துக்கொண்டிருந்த தம்பி ஸ்ரீரங்கன். ஜானுவை உள்ளறையில் உட்கார்த்தி வைத்தார்கள். பத்தாம் நாள் திருமாங்கல்யத்தைக் கழற்றினார்கள்.

மறுவருஷம் சீனாக்காரன் கைதிகளை விட்டான். எலும்பும் தோலுமாக அவர் வந்து சென்ட்ரலில் இறங்கினார். கர்மம் செய்யப்பட்டவன் திரும்பி வந்தால் புதிதாகப் பிறந்த மாதிரிதான் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மாவின் திருப்திக்காக அந்த ராணுவ அதிகாரி கைக்குழந்தைபோல உட்கார்ந்து நாமகரணம் செய்துகொண்டார். பிறகு ஜானுவுக்கு இன்னொரு தரம் தாலி கட்டினார்.

"எல்லாருமா சேர்ந்து என்னைக் கொன்னுட்டேள்" என்று அன்றைக்குச் சிரித்தார். அந்தப் பனியில் என்ன நடந்தது என்று மட்டும் அவர் சொன்னதே இல்லை. ஜானு இரண்டு மூன்று தரம் கேட்டுவிட்டு விட்டுவிட்டாள்.

சிறைப்பட்டவன் மேலே வரமுடியாது என்று அவர் காதுபடவே பேசினார்கள். எழுபத்தொன்றில் கிழக்கு எல்லையில் ஒரு கம்பெனியை நடத்திப்போய்ப் பதக்கம் வாங்கினார். பிரிகேடியர் வரைக்கும் உயர்ந்தார். ஊர் ஊராக மூட்டை கட்டிப் பிரித்து, கடைசியில் அடையாறுக்கு வந்து நாலைந்து வருஷம்தான் ஆகிறது.

வாசலில் ராணுவ ஜீப் நின்றது. மேஜர் கதிரேசன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டவர் உடம்பின்மேல் கொடியைப் போர்த்தி சல்யூட் அடித்தார். பிறகு ஜானுவிடம் வந்தார்.

"சார் சிக்கிம்ல பிரிகேட் கமாண்டரா இருந்தப்போ நான் புது லெஃப்டினென்ட் மேடம். ரோந்து போயிட்டு வர்ற ஜவான்களை வரிசையா உக்கார வச்சு பூட்ஸைக் கழட்டச் சொல்வாரு. ஒவ்வொருத்தன் காலையும் கையில தூக்கிப் பார்ப்பாரு. விரல் வெளுத்திருந்தா அவரே தேய்ச்சு விடுவாரு. அவ்வளவு பெரிய ஆபீஸர் யாரும் அப்படிச் செஞ்சு நான் பார்த்ததில்ல."

"எதுக்குன்னு சொல்வாரா?"

"இல்லீங்க மேடம். நாங்களும் கேட்டதில்ல."

ஜானு கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். காலுறையை மெல்ல உருவி எடுத்தாள். விரல்கள் இல்லாத இடத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டாள்; தேய்த்தாள்.

"அம்மா, எல்லாரும் பாக்கறா" என்று மகள் ஹம்சினி காதருகே சொன்னாள்.

"பாக்கட்டும்."

குளிப்பாட்டி எடுக்கிற நேரம் வந்தது. "பொம்மனாட்டிகள் வாசலோட நின்னுக்கோங்கோ" என்றார் வாத்யார்.

ஜானு செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டாள். "போன தடவை என்னை உள்ளே உக்காத்தி வெச்சேள். இந்தத் தடவை உடம்பு இருக்கு. நானும் வரேன்."

வாத்யார் ஸ்ரீரங்கனைப் பார்த்தார். நரைத்த மார்பும் ஈர வேட்டியுமாக நின்ற ஸ்ரீரங்கன் அண்ணாவின் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "மன்னி வரட்டும்" என்றான்.

பெசன்ட் நகர் மயானத்தில் கடற்காற்று கொடியின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டே இருந்தது. பியூகிள் ஊதி முடித்ததும் சிப்பாய்கள் கொடியை மடித்து ஜானுவின் கையில் கொடுத்தார்கள்.

கோத்திரத்தையும் பெயரையும் சொல்லச் சொன்னார் வாத்யார். கோத்திரம் வந்தது. பெயர் வரவில்லை. ஸ்ரீரங்கன் ஜானுவின் பக்கம் திரும்பினான்.

"மன்னி, நான் ஏற்கனவே ஒரு தரம்..."

ஜானு அவன் ஈரத் தோளில் கை வைத்தாள்.

"சொல்லு ரங்கா. இப்போ சொல்லலாம்."

சொன்னான். மின் உலையின் கதவு மேலே போயிற்று; உடம்பு உள்ளே போனதும் கீழே இறங்கிற்று.

"திரும்பிப் பாக்காம வாங்கோ" என்றபடி வாத்யார் முன்னால் நடந்தார். ஸ்ரீரங்கன் தலையைக் குனிந்துகொண்டு பின்னாலேயே போனான். ஹம்சினி அழுதுகொண்டே போனாள்.

வேனின் படியருகே ஜானு நின்று திரும்பினாள். நீண்ட சிமென்ட் தாழ்வாரத்தில் பின்னால் யாரும் வரவில்லை. ஒருவர் வாளித் தண்ணீரைக் கொட்டி, உதிர்ந்த பூக்களைப் பெருக்கித் தள்ளிக்கொண்டிருந்தார். தரை காய்கிற வரைக்கும் அவள் பார்த்துக்கொண்டு நின்றாள். டிரைவர் வண்டியைக் கிளப்பினார்.

ஜானு ஏறினாள். ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒருவருக்கு இடம் விட்டு உட்கார்ந்தாள்.