குழாயில் வருதா?

பாத்திமுத்து சமையலறைக் குழாயைத் திருகினாள். அது ஒரு ஏப்பம் விட்டது. பட்டாணி அளவில் ஒரு செம்மண் கட்டியைத் துப்பியது. அத்தோடு மூச்சை நிறுத்திக்கொண்டது. கூடத்தில் வெள்ளைத் துணி போர்த்திப் படுத்திருந்த யாகூப்பைச் சுற்றி யாசீன் ஓதிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் ஒரு வரி நிறுத்தித் திரும்பிப் பார்த்தார்கள்.

"மதினி, வந்து உக்காருங்க. புருசன் மவுத்தான ஊட்ல யாராச்சும் குழாயத் திருகிட்டு நிப்பாங்களா?" என்றாள் யாகூப்பின் தங்கை சித்திகா.

"குளிப்பாட்டத் தண்ணி வேணுமல்ல?"

"பஷீரண்ணன் ஊட்ல எட்டுக் குடம் புடிச்சு வாசல்ல வச்சாச்சு."

"அது பஷீரு ஊட்டுத் தண்ணி" என்றாள் பாத்திமுத்து. "இவருக்கு இவரு குழாய்ல வரோணும்."

மொட்டைமாடித் தொட்டியில் ஏறும் சிறுவாணித் தண்ணீர் என்னவோ இளநீர் மாதிரிதான். கீழே இறங்கும் இரும்புக் குழாய்க்குத்தான் முப்பத்தைந்து வயது. தொட்டி வண்டலும் குழாயின் துருவும் கூட்டுச் சேர்ந்து உள்ளே ஒரு சிமெண்டு ஆலையே நடத்திவந்தன. எறும்பு நுழைந்தால்கூட ஒருக்களித்துத்தான் போகவேண்டும். பக்கத்து வீட்டுப் பஷீர் போன வருடமே இரும்பைப் பிடுங்கி எறிந்துவிட்டுப் பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொண்டார். "நீங்களும் மாத்திப்போடுங்கண்ணா" என்று அவர் வாய்தவறிச் சொன்ன நாளிலிருந்து யாகூப் அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீர் தொட்டதில்லை. நோன்புக் கஞ்சி வந்தால்கூட, "எந்தக் குழாய்த் தண்ணியில காச்சுனதுன்னு கேளு" என்பார்.

வாரம் தவறாமல் மரச்சுத்தியலோடு பின்கட்டுக்குப் போய், சுவரோரக் குழாயைத் தட்டுவார். அந்தச் சத்தத்தில் உக்கடம் குளத்துக் கொக்குகள் எழுந்து சூலூர் பக்கம் போய்விடும். பாத்திமுத்து சமையலறையில் நின்று நிலவரம் சொல்லவேண்டும்.

"வருதா?"

"வரல."

"இப்ப?"

"நூலாட்டம் வருது."

"இப்ப?"

"கருப்பா வருது."

கல்யாணமான நாற்பத்திரண்டு வருடத்தில் அவர்கள் பேசியதையெல்லாம் தராசில் ஏற்றினால் முக்கால் பங்கு இதுவாகத்தான் இருக்கும்.

நேற்று மாலை அஸர் தொழுகை முடிந்து வந்தும் அதே கச்சேரிதான். பத்தொன்பது தடவை "வரல" சொல்லிவிட்டாள். அடுப்பில் கறி அடிப்பிடிக்கிற வாசம். இருபதாவது "வருதா?" வந்தபோது, காய்ந்துகிடந்த குழாயைப் பார்த்துக்கொண்டே, "வருதுங்க! நல்லா வருது! உள்ள வாங்க!" என்று கத்தினாள்.

யாகூப் கோட்டையைப் பிடித்தவர் மாதிரி உள்ளே வந்தார். "அதுல ஒரு செம்பு புடிச்சுட்டு வா" என்றார். பாத்திமுத்து மூலைப்பானையில் மொண்டு கொடுத்தாள். ஒரே மடக்கில் குடித்தார். "பாத்தியா, என்ன ருசி! பிளாஸ்டிக்குல இந்த ருசி வருமா?"

பானையில் இருந்தது பஷீர் வீட்டுத் தண்ணீர். ஒரு வருடமாகவே அதுதான்.

விடிந்ததும் உண்மையைச் சொல்லி நன்றாக வாங்கிக்கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்துப் படுத்தாள். விடிகாலை ஃபஜ்ர் தொழுகைக்கு எழுப்பப் போனபோது அவர் அதே வெற்றிச் சிரிப்போடு போய்ச் சேர்ந்திருந்தார். ஒரு சுளிப்பு இல்லை, ஒரு முனகல் இல்லை. அந்தச் சிரிப்பைப் பார்க்கிறவர்களெல்லாம், "சொர்க்கவாசி" என்றார்கள். பாத்திமுத்து ஒருத்திக்குத்தான் அது எதனால் வந்த சிரிப்பு என்று தெரியும்.

"சஹீரு, அத்தாவோட சுத்தியல எடு" என்றாள் மகனிடம்.

"இப்பவாம்மா?"

"மத்தியானம் லுஹருக்குள்ள அடக்கம்ன்னு சொல்லிப்போட்டாங்க. அதுக்குத்தான் இப்ப."

மகன் சஹீர் ஆபீஸ்காரன். இரும்பு என்று அவன் தொட்டது குண்டூசி மட்டும்தான். குளிப்பாட்ட வந்த பெரியவர், "சுத்தமா இருந்தா எந்தத் தண்ணியும் கூடுமுங்க" என்று சொல்லிப் பார்த்தார். "கூடுமுங்க. கால் மணி நேரம் பொறுங்க" என்றாள் பாத்திமுத்து. மாடித் தொட்டியிலிருந்து வாளியில் மொண்டுவரலாம் என்றார் ஒருவர். அவள் சஹீரைப் பின்கட்டுப் பக்கம் தள்ளினாள்.

பின்கட்டில் சஹீர் தட்டத் தொடங்கினான். கதவைத் தட்டும் விருந்தாளி மாதிரி தட்டினான். அப்போது பஷீரே பெரிய ரெஞ்சோடு வந்துவிட்டார்.

"தள்ளு தம்பி. நான் பாக்கறேன்." பிறகு சமையலறை ஜன்னலுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "ஏனக்கா, இதுக்கா இத்தனை? நேத்துச் சாயந்திரம்கூட எங்கூட்ல ஒரு குடம்…"

"வாய மூடிட்டுத் திருகுங்க பஷீரு."

பஷீர் சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார்.

பாத்திமுத்து கண்ணை மூடிக் கேட்டாள். "அங்க இல்ல சஹீரு, மேல. இன்னும் மேல. ஜன்னலுக்கு ஒரு சாண் கீழ. அங்கதான் மண்ணு மூட்டையாட்டம் கேக்குது." எந்த இடத்தில் தட்டினால் என்ன சத்தம் என்று தனக்குத் தெரியும் என்பதே அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. "அங்கயே குடு. அவரு மூணு தட்டு தட்டி ஒண்ணு விடுவாரு. ஆமா. அப்படித்தான்."

சத்தம் மாறியது. உள்ளே ஏதோ சரசரவென்று இறங்கியது.

"பஷீரு, அடிமூடியக் கழட்டுங்க! முகத்த அந்தப்பக்கம்…"

சொல்லி முடிக்கவில்லை. முப்பத்தைந்து வருட வண்டல் ஒரே பாய்ச்சலில் பஷீரின் வெள்ளைச் சட்டைமேல் இறங்கியது. தலைமுதல் கால்வரை புதிதாகப் பூசிய சுவர் மாதிரி நின்றார். கண் இரண்டு மட்டும் வெள்ளை.

"அண்ணன் போறப்பவும் என்னைச் சும்மா உடல பாருங்க" என்றார். சித்திகாவுக்கு அழுகை பாதியில் சிரிப்பாகி, சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டாள்.

பஷீர் தடவித் தடவி மூடியை மறுபடி இறுக்கினார். பாத்திமுத்து குழாய்க்கு அடியில் குடத்தை வைத்துத் திருகினாள். இருமல். கருப்பு. செம்மண். டீ நிறம். குடத்தைக் கொட்டிவிட்டு மறுபடி வைத்தாள். மஞ்சள். அப்புறம் நிறமே இல்லை.

"வருதா?" என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

சஹீருடைய குரல்தான். ஆனால் கடைசி எழுத்தை இழுத்த இழுப்பு அவனுடையது இல்லை. பாத்திமுத்து விரலை நீருக்கடியில் நீட்டினாள்.

"அம்மா, வருதா?"

கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பெண்கள் விலகி வழிவிட்டார்கள். யாகூப்பின் தலைமாட்டில் குனிந்து, துணியைச் சரிசெய்கிறவள் போல, மகனுக்குச் சொல்லாத பதிலைக் காதருகில் சொன்னாள். துஆ என்று நினைத்துச் சித்திகா "ஆமீன்" என்றாள்.

பின்கட்டில் சஹீர் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தான். வாசலில் பஷீர் வீட்டு எட்டுக் குடங்களும் மூடியபடி வரிசையாக இருந்தன. சமையலறைக் குடம் நிறைந்து, வழிந்து, நிலைப்படி தாண்டிக் கூடத்துக்கு வந்துகொண்டிருந்தது.