டொக்டர் சொன்னதும் நான் சொன்னதும்

...தலையாட்டினார், அதைத்தான் மறக்க முடியவில்லை, டொக்டர் ஒவ்வொன்றாக நிறுத்தி நிறுத்திச் சிங்களத்தில் சொல்லச் சொல்ல, என் புருசன் நிக்கொலஸ் எல்லாம் விளங்கிய பெரிய மனிசன் மாதிரி "ஹரி, ஹரி" என்று தலையாட்டினார், தன் சாவுக்கே சரி சரி என்று தலையாட்டுகிற ஆளை இன்றைக்குத்தான் பார்த்தேன். தொண்ணூறில் ஊர்காவற்றுறையிலிருந்து ஓடி வந்து இந்தக் கற்பிட்டிக் கரையில் இத்தனை வருசம் சீவித்தும் சிங்களத்தில் அந்த ஒரு சொல்லுக்கு மேல் படிக்கவில்லை, ஏன் படிக்க வேணும், திரும்பிப் போகப்போகிற ஆளல்லவா, சண்டை முடிந்து பத்து வருசமாக ஒவ்வொரு பெருநாளுக்கும் போகிறார், வாயால். நான் படித்தேன், சிலாபத்து இறால் கம்பனியில் ஏழு வருசம் இறாலின் தலையைக் கிள்ளிக் கிள்ளிப் படித்தேன். அந்த டொக்டரும் ஒரு டொக்டர்... தலையாட்டினால் விளங்கிவிட்டதாம், ஆறுதலாக எடுத்துச் சொல்லுங்கள் அம்மா, முடிவு அவருடையது, செவ்வாய்க்கிழமை வந்து சொல்லட்டும் என்று பொறுப்பை என்னிடம் தந்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். வெளியே வந்ததும் "என்னவாம்?" என்றார் இவர். "வயிற்றுப் புண்ணாம்" என்றேன். யோசித்துச் சொன்னதில்லை, வாய் அதுவாகச் சொல்லிற்று. "நான் அப்பவே சொன்னனான்தானே" என்றார். ஓம், அப்பவே சொன்னவர்! கண் மஞ்சளானபோது செங்கண்மாரி என்று சொல்லி இரண்டு மாதம் என்னைக் கீழ்க்காய்நெல்லி அரைக்க வைத்தவர், ஆசுப்பத்திரிக்குப் போவம் என்றதற்கு "உனக்கென்ன தெரியும், பேசாமல் அரை" என்றவர்.

திரும்பி வரும் வழியில் பாலாவியில் பஸ் நின்றபோது வெங்காய வியாபாரி சரீப் ஏறி முன் இருக்கையில் இருந்து திரும்பினார், "என்ன நிக்கொலஸ் அண்ணே, டொக்டர் என்ன சொன்னாரு?" "புண்தான், வேறொண்டுமில்லை, கண்ணைப் பாருங்கோ, மஞ்சள் போட்டுது" என்று இமையை இழுத்துக் காட்டினார் என் புருசன், எப்படிப் போனது மஞ்சள், உங்கள் இலையாலா போனது, போன மாதம் பித்தக் குழாய்க்குள் சின்னக் குழாய் வைத்து ஆசுப்பத்திரிக்காரர்தானே இறக்கிவிட்டார்கள். சரீப் "அல்ஹம்துலில்லாஹ், அப்ப பயமில்ல" என்றார், மற்றவனுடைய வயிற்றைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல யாருக்குத்தான் கசக்கும்! புண்ணில்லை சரீப், இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது, சுவரில் ஒட்டியிருந்த படத்தில் நானும் இன்றைக்குத்தான் அந்தப் பெயரை வாசித்தேன், அதன் தலையில் கட்டி, இரத்தக் குழாயைச் சுற்றிப் பிடித்துவிட்டது, அதனால் இப்போது வெட்டி எடுக்க முடியாது. மருந்து ஏற்றலாம், சில மாதம் ஏற்றிப் பார்த்துத் திரும்பப் படம் எடுத்தால் ஒரு சிலருக்குச் சுருங்கும், பிறகு வெட்டலாம், ஆனால் அதை நம்பி இருக்க வேண்டாம் என்றார் டொக்டர். மருந்து ஏற்றினால் ஒரு வருசம், சிலருக்குக் கொஞ்சம் கூடுதலாக, ஏற்றாவிட்டால் நாலைந்து மாதம், ஆளுக்கு ஆள் மாறும். மருந்து வயிற்றைப் பிரட்டிச் சத்தியெடுக்க வைக்கும், ஆளைச் சோர வைக்கும், அது வேண்டாமென்றால் நோவுக்கும் சாப்பாடு செமிக்கவும் மட்டும் பார்ப்போம், அதுவும் வைத்தியம்தான், கைவிட்டதாக நினைக்க வேண்டாம் என்றார். இவ்வளவும் என் தலைக்குள் இருக்கிறது, நோய்க்குச் சொந்தக்காரர் பக்கத்திலிருந்து கடலை கொறிக்கிறார்.

நுரைச்சோலை மின்நிலையத்துப் புகைபோக்கி தெரிந்தபோது இவருடைய தீர்ப்பும் வந்தது, "செவ்வாய்க்கிழமை போகத் தேவையில்லை, ஒரு புண்ணுக்கு ஆர் இவ்வளவு தூரம் அலையிறது." இப்போதாவது சொல்ல வேண்டாமா? போகாவிட்டால் நாலைந்து மாதம் என்று நானாக முடிவெடுத்த மாதிரியல்லவா... பாவம் மனிசன், தாங்கமாட்டார், அதனால்தான் சொல்லவில்லை என்று ஆசுப்பத்திரி வாசலிலிருந்து எனக்கே சொல்லிக்கொண்டு வருகிறேன். தாங்கமாட்டாரா? தாய் செத்ததையே அழாமல் தாங்கியவர். தலவிலச் சந்தியில் பஸ் குலுக்கியதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தார், நெற்றி வேர்த்தது, கடலைக் கடதாசிச் சரை கீழே விழுந்தது, எடுக்கவில்லை. சரீப் நித்திரை. இவர் நிமிராமலே, யாரோ வேறு ஆளின் குரலில், "லேனா... நீ என்ன சொல்லுறாய், செவ்வாய் போவமோ?" என்றார். கலியாணம் கட்டி முப்பத்து நாலு வருசத்தில் நீ என்ன சொல்லுறாய் என்று கேட்டது இதுதான் முதல் தரம். இரக்கம் வந்தது, வராமல் இல்லை, ஆனால் அதற்கு முன்னால் வேறொன்று முந்திக்கொண்டு வந்தது, சந்தோசம், ஆண்டவரே, இவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிகிறதே என்ற சந்தோசம்... காலையிலிருந்து வாயை மூடி வைத்திருந்தது இதுதானா? அவருடைய உயிரை வைத்துக்கொண்டா? சீ, நானும் ஒரு பொம்பிளையா? சொல்லத்தான் வாயைத் திறந்தேன். இன்னொரு தரம் கேட்கட்டும் என்று மூடிக்கொண்டேன்.