நாற்பது நிமிட வெள்ளைப் பக்கம்

நௌசோரியிலிருந்து வரும் முதல் பஸ் ஃபிஜித் தலைநகர் சுவாவின் வாலு பே சாலையில் நின்றபோது விடிகாலை மணி நாலே முக்கால். மீன் ஆலையின் வீச்சம் மழை ஈரத்தோடு கலந்து மூக்கில் அப்பியது. வில்லிமைனா குடையை உதறிக்கொண்டு மூன்று மாடி ஏறினாள். லிப்ட் பகலில்தான் ஓடும்.

ஐந்து மணிக்குப் பதினோரு பேரும் திரைகளுக்கு முன்னால் உட்கார்ந்தாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் அலுவலகங்கள் திறப்பதற்குள் அவற்றின் இணையதளங்கள் செப்பமாகி நிற்க வேண்டும். ஊர்ச்சபை, பள்ளிக்கூடம், திராட்சைத் தோட்டம் என்று நூற்றுக்கு மேல் தளங்கள். செய்திகளை அந்தந்த ஊர்க்காரர்களே எழுதிப் போட்டுக்கொள்வார்கள். செய்தி உட்காரும் சட்டகம் மட்டும் சுவாவிலிருந்து போகும். டெம்ப்ளேட் என்பார்கள். தலைப்புப் பட்டை, பத்தியின் அகலம், பொத்தான், ஆபத்து நேரத்தில் பக்கத்தின் உச்சியில் ஏறும் சிவப்புப் பட்டை எல்லாம் இவர்கள் வரி வரியாக எழுதியவை. ஒரு புள்ளி இடம் மாறினால் ஒரு பக்கம் முழுவதும் சரியும்.

ஏசி எலும்பைத் தொட்டது. வில்லிமைனா வலது மணிக்கட்டில் துணிப்பட்டையை இறுக்கிக்கொண்டாள். பன்னிரண்டு வருஷத்து வலி.

போன மாதம் வரைக்கும் அவரவர் கணினியில் அவரவருக்குப் பழகிய எடிட்டர், எழுதும் மென்பொருள், இருந்தது. பிழையைச் சிவப்பில் காட்டும். பழைய பிரதியைப் பத்திரமாக வைத்திருக்கும். அதில் எழுதி, சோதனைத் தளத்தில் போட்டுப் பார்த்து, சரியென்றால்தான் உண்மைத் தளத்துக்கு அனுப்புவார்கள். முதலாளி டன்ஸ்டன் அந்த வழியை அடைத்துவிட்டார். இனிமேல் தளத்துக்குள்ளேயே இருக்கிற சின்னப் பெட்டியில்தான் எழுத வேண்டும். எழுதியது அந்த நிமிடமே ஊருக்குத் தெரியும்.

அன்றைக்கே வில்லிமைனா எழுந்து கேட்டாள்.

"பாஸ், ஓடுற பஸ்ஸுக்கு அடியில படுத்து நட்டு முடுக்கச் சொல்றீங்க. சோதனைத் தளம் இல்லாம எப்படி?"

டன்ஸ்டன் பூப்போட்ட சட்டையின் காலரை நீவிக்கொண்டு சிரித்தார். "நல்ல கைக்கு ஒத்திகை எதுக்கு வில்லி? பெட்டியில எழுதினா யார் எவ்வளவு வேலை செய்றாங்கன்னு எனக்கும் தெரியும். ஒழுங்கா செய்றவங்களுக்கு என்ன பயம்?"

அதுதான் விஷயம். பெட்டி எண்ணியது. ஒருவர் எத்தனை எழுத்து தட்டினார், எத்தனை நிமிடம் சும்மா இருந்தார் என்று எண்ணியது. யோசித்த நேரமெல்லாம் சும்மா இருந்த நேரம் ஆயிற்று. முதல் வாரமே எல்லோருடைய சம்பளமும் கால்வாசி சுருங்கியது.

"யோசிக்காம தட்டினா எனக்கு ரெட்டைச் சம்பளம் வரும்டா மச்சான்," என்றான் செமேசா. ஆறடி உடம்பு, எதையும் கேலியாக்கித்தான் விழுங்குவான். "எங்க வீட்டுப் பூனையக் கொண்டாந்து கீபோர்டுல விட்டுடவா?"

பக்கத்தில் இருந்த அவிகேஷ் சிரிக்கவில்லை. நாற்பத்தாறு வயது. அச்சகத்தில் பக்கம் கட்டிப் பழகியவர். ஓர் இடைவெளி அதிகமானாலும் அவருக்குப் பல் கூசும். "சிரிக்காதே செமேசா. ஒருநாள் இது யாரையாவது தின்னும்," என்றார்.

தின்றது, செவ்வாய்க்கிழமை.

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தின் வடபகுதியில் ஓர் ஆற்றங்கரை ஊர். மூன்று நாளாக அங்கே மழை விடவில்லை. சிவப்புப் பட்டையில், எந்தெந்தப் பாலம் மூடியிருக்கிறது என்று காட்டும் பொத்தான் ஒன்று உடனே வேண்டும் என்று ஊர்ச்சபை கேட்டிருந்தது. அவிகேஷ் பெட்டியைத் திறந்து எழுத ஆரம்பித்தார். ஐந்து நாற்பதுக்கு சுவாவிலும் மழை கொட்டியது. இணைப்பு ஒரு கணம் அறுந்தது. பெட்டி பாதி எழுத்தை மட்டும் சேமித்துக்கொண்டு மூடிக்கொண்டது.

அந்த ஊரின் பக்கம் வெள்ளையாகிப் போனது. பட்டை இல்லை, பாலம் இல்லை, ஓர் எழுத்து இல்லை.

அவிகேஷ் மறுபடி திறக்கப் பார்த்தார். 'வேறொருவர் திருத்திக்கொண்டிருக்கிறார், காத்திருக்கவும்' என்றது பெட்டி. அந்த வேறொருவரும் அவரேதான். அறுந்த இணைப்பில் மாட்டிக்கொண்ட அவருடைய பெயரே அவரை உள்ளே விடாமல் தடுத்தது.

"ஷலேஷ்னி! பழைய பிரதிய ஏத்தும்மா!" என்று கத்தினார்.

சர்வரைப் பார்த்துக்கொள்ளும் ஷலேஷ்னியிடம் பழைய பிரதி இருந்தது. அதை அனுப்புகிற வழியைத்தான் அடைத்திருந்தார்கள். "திறந்தா வேலை போயிடும் அண்ணே. பாஸ்கிட்ட கேட்டுடறேன்." டன்ஸ்டனின் போன் அணைந்து கிடந்தது. அவள் ஒன்பது முறை அடித்தாள். நாற்பது நிமிடம் கழித்துப் பெட்டி தானாக வழிவிட்டது.

அந்த நாற்பது நிமிடத்தில், அங்கே இன்னும் விடியாத இருட்டில், பால் கறக்கப் போன ஒரு புருஷனும் பெண்சாதியும் போனில் பக்கத்தைப் பார்த்தார்கள். எச்சரிக்கை எதுவும் இல்லை. பாலத்தில் வண்டியை விட்டார்கள். வெள்ளம் வண்டியை அடித்துக்கொண்டு போனது. அவளை மரக்கிளையிலிருந்து உயிரோடு இறக்கினார்கள். அவன் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை.

புதன்கிழமை எட்டு மணிக்கு டன்ஸ்டன் வில்லிமைனாவைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். மேஜைமேல் ஒரு தாள். அதில் இப்படி எழுதியிருந்தது: 'வெளி எடிட்டரில் கள்ளத்தனமாக எழுதிய அவிகேஷால்தான் பக்கம் உடைந்தது. இதை ஷிப்டின் தலைவி வில்லிமைனா கண்ணால் பார்த்தாள்.'

"இது பொய் பாஸ். அவர் உங்க பெட்டியிலதான் எழுதினார்."

"ஊர்ச்சபை வக்கீல் பேர் கேட்கிறான். ஒரு பேர் குடுத்தா பத்து பேர் பிழைப்பாங்க. நீ கணக்கு தெரிஞ்சவ."

"ஒன்பது தடவை உங்க போனுக்கு அடிச்சாளே ஷலேஷ்னி? அதையும் தாள்ல எழுதுவீங்களா?"

டன்ஸ்டன் சிரிப்பை நிறுத்தினார். "நாளைக்குக் காலைல கையெழுத்து வேணும். இல்லேன்னா அந்தப் பேர் உன்னோடதா இருக்கும்."

அவள் வெளியே வந்தபோது அவிகேஷின் நாற்காலி காலியாக இருந்தது. அவரைக் காவலாளி கீழே கொண்டுபோய் விட்டுவிட்டான். அவருடைய டீ இன்னும் ஆறவில்லை.

ஷிப்ட் முடிந்து மத்தியானம், பஸ் ஸ்டாண்டின் தகரக் கூரைக்கடியில் எல்லோரும் கூடினார்கள். அவிகேஷையும் வரவழைத்திருந்தாள் வில்லிமைனா. ரொட்டிப் பொட்டலம் பிரித்தும் யாரும் தின்னவில்லை. மழை தகரத்தில் அறைந்தது.

"கையெழுத்துப் போட்டுடு வில்லி," என்றார் அவிகேஷ். "அந்த ஆள் கண் திறக்காம கிடக்கிறான். தட்டினது என் விரல்தானே."

"உங்க விரலக் கொண்டுபோய் அந்தப் பொறியில வெச்சது யாரு அண்ணே?" அவளுக்குக் கோபத்தில் கண் கலங்கியது. "அன்னிக்கு அந்த வேலை எனக்கு வந்திருந்தா நான் உடைச்சிருப்பேன். நாளைக்கு செமேசா உடைப்பான்."

"வேலைய நிறுத்திடுவோம்," என்றான் செமேசா. இப்போது அவன் முகத்தில் கேலி இல்லை. "ஒருத்தரும் கீபோர்டத் தொட வேணாம்."

ஷலேஷ்னி அதுவரை தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். "நாளைக்கு அங்க இன்னும் பெரிய மழைன்னு சொல்றாங்க. நாம கையக் கட்டிக்கிட்டு உக்காந்தா அந்த ஊர யாரு பார்ப்பா?"

 நசினு ஊருக்குப் போகும் பஸ் சேற்றை வாரியிறைத்துக்கொண்டு போனது.

"மத்த எல்லாத் தளத்துலயும் கைய எடுத்துடுவோம்," என்றாள் வில்லிமைனா, ஒவ்வொரு சொல்லாக. "அந்த ஊர்ப் பக்கத்த மட்டும் செய்வோம். நம்ம எடிட்டர்ல, சோதிச்சுப் பார்த்து, ஒழுங்கா. ஒளிஞ்சு இல்ல, அவர் கண்ணு முன்னாடியே. அவிகேஷ் அண்ணனும் நம்மகூட உக்காருவார்."

"வழிய அடைச்சு வெச்சிருக்காரே?" என்று யாரோ கேட்டார்கள்.

"அடைச்சது என் கைதான்," என்றாள் ஷலேஷ்னி. "செவ்வாய்க்கிழமையே நான் திறந்திருக்கணும்."

வியாழன் விடிவதற்கு முன்பே பதினோரு பேரும் ஒன்றாகப் படியேறினார்கள். காவலாளி அவிகேஷைப் பார்த்தான்; பிறகு மழையைப் பார்ப்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஒன்பது திரைகள் எழுத்தில்லாமல் எரிந்தன. பத்தாவதின் முன்னால் அவிகேஷ் உட்கார்ந்தார். அவர் எழுத, வில்லிமைனா வரிக்கு வரி வாய்விட்டுப் படித்தாள். ஷலேஷ்னி தன் கணினியில் சோதனைத் தளம் ஒன்றை எழுப்பியிருந்தாள். மற்றவர்கள் தங்கள் போன்களில் பக்கத்தைத் திறந்து பார்த்தார்கள். பழைய போன் வைத்திருந்த செமேசா, "என்னோடதுல பொத்தான் அறுந்து தெரியுது," என்றான். திருத்தினார்கள். இன்னொரு முறை பார்த்தார்கள். அதற்குப் பிறகுதான் அனுப்பினார்கள்.

பட்டை ஏறியது. சிவப்பாக, முழுசாக, பாலங்களின் பெயர்களோடு.

எட்டு மணிக்குக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார் டன்ஸ்டன். "இவன் இங்க என்ன பண்றான்? யார் வழியத் திறந்தது?"

"நான்தான்," என்றாள் ஷலேஷ்னி.

"நாங்கதான்," என்றான் செமேசா எழுந்து நின்று.

வில்லிமைனா அந்தத் தாளை அவரிடம் நீட்டினாள். அவள் பெயர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது. பின்பக்கத்தில் நடந்தது நடந்தபடி எழுதி, பதினோரு கையெழுத்து. "சோதனைத் தளம் திரும்ப வரணும். அவிகேஷ் அண்ணன் வேலை அவருக்கே வேணும். அதுவரைக்கும் இந்த ஒரு ஊரத் தவிர எதையும் தொட மாட்டோம். இதோட நகல வக்கீலுக்கும் அனுப்பிட்டோம்."

"மத்தியானத்துக்குள்ள இந்த வேலையெல்லாம் வேற நாட்டுக்குப் போயிடும். தெரியுமா? போலீஸக் கூப்பிட்டு ஒவ்வொருத்தரையா..."

அந்த நேரம் திரையில் ஒரு செய்தி வந்து விழுந்தது. ஆற்றங்கரை ஊரின் வெள்ளக் கட்டுப்பாட்டு அறையிலிருந்து ஒரு பெண். 'பட்டை தெரிகிறது. இரண்டாவது பாலத்தையும் மூடுகிறோம், சேர்க்கவும். நான் யாரோடு பேசுகிறேன்?'

"கம்பெனி பேர் மட்டும் போடு," என்றார் டன்ஸ்டன்.

வில்லிமைனாவின் மணிக்கட்டு வலியில் தெறித்தது. அவள் அவிகேஷின் பெயரை முதலில் எழுதினாள். பிறகு ஷலேஷ்னி, செமேசா என்று ஒவ்வொன்றாக, தன் பெயரோடு பதினொன்றையும் எழுதி அனுப்பினாள்.

டன்ஸ்டன் போனைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். கீழே இரும்புக் கதவை இழுத்துச் சாத்தும் சத்தம் மூன்று மாடிக்கும் கேட்டது. யாரும் எழுந்திருக்கவில்லை.

"இரண்டாவது பாலம்," என்றார் அவிகேஷ். "வரி நாற்பத்தேழு. படி வில்லி."

அவள் படிக்க ஆரம்பித்தாள். பத்து நாற்காலிகளும் அந்த ஒரு திரையை நோக்கி நகர்ந்து வந்தன.