பூரணியின் க்ளட்ச்

பூரணிக்குக் கோபம் வந்த கதை இது. கார் ஓட்டத் தெரியாதவர்களுக்கும் புரியும்படிதான் சொல்கிறேன், பயப்படாமல் கேளுங்கள்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவுக்கு சூப்பர்வைசர் அவள். வயது முப்பத்தொன்று. அறுபது மெஷின்களின் இரைச்சலில் நாள் முழுக்க நின்றுவிட்டு வெளியே வந்தால், அவளுக்கு வேண்டியது இன்னொரு இரைச்சல். தன் காரின் டர்போ காற்றை இழுக்கிற சத்தம். சின்ன பெட்ரோல் கார்; கையால் கியர் போடுகிற வண்டி. போன வருஷம் அதை எடுத்துக்கொண்டு போய் சென்னைப் பக்கத்து ரேஸ் டிராக்கில் பெண்கள் பிரிவில் நாலாவதாக வந்தாள். அதைப் பார்த்து ஒரு டீம் அவளைக் கூப்பிட்டது. இரண்டு முறை ஓட்டிக் காட்ட வேண்டும். தேறிவிட்டால் அடுத்த வருஷம் முழுக்க டீம் வண்டியில் அவளுக்கு இடம். அவள் ஆசைப்பட்டது அந்த ஒரு இடத்துக்குத்தான்.

அதற்காகத்தான் வேலூரிலிருந்து தபரேஸ் லேப்டாப்போடு வந்து டியூனிங் செய்தான். இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரில் சில கணக்குகளை மாற்ற, டர்போ இன்னும் ஜாஸ்தியாகக் காற்றைத் தள்ளியது. இழுவை கூடியது. ஆனால் வண்டியோடு வந்த க்ளட்ச் அதைத் தாங்கவில்லை. க்ளட்ச் என்பது இன்ஜின் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கடத்திவிடுகிற தட்டு. அதன் பிடி நழுவினால் இன்ஜின் கத்தும், வண்டி போகாது. மூன்றாவது கியரில் அழுத்தினால் அதுதான் நடந்தது.

பைபாஸ் ஓரம் மெக்கானிக் வாஹித் பாஷாவின் ஷெட்டில் எந்த க்ளட்ச் போடுவது என்று பேச்சு நடந்தது. பூரணியின் அண்ணன் நந்தகோபாலும் வந்திருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை.

"பட்டன் பிளேட்டு போடுங்க பாய். ரேஸ் பசங்கல்லாம் அதான் போடறாங்க," என்றான்.

"அது டபுக்குனு புடிக்கும்ணா," என்றாள் பூரணி. "டெய்லி ரயில்வே கேட்ல நின்னு நின்னு போறவ நான். தூக்கித் தூக்கி அடிக்கும். எனக்கு முழு வட்டமா லைனிங் வச்ச பிளேட்டு, அத அழுத்திப் புடிக்க கொஞ்சம் டைட்டான பிரஷர் பிளேட்டு. அது போதும்."

"பெடல் கல்லு மாதிரி இருக்கும். உன் காலு தாங்குமா?"

"பத்து மணி நேரம் நிக்கிற காலு. தாங்கும்."

தபரேஸ் சிரித்துவிட்டான். "அக்கா சொல்றதுதான் கரெக்ட். இப்ப இருக்கற இழுவைக்கு மேல கால் பங்கு தாங்கற பிளேட்டா வாங்கிடலாம். நான் கீழ் வேகத்துல டர்போவ கொஞ்சம் கம்மி பண்ணிடறேன். பிளேட்டுக்கு அடி விழாது."

அப்படியே முடிவானது. பத்து நாளில் பிளேட் வந்தது.

அடுத்து நடந்ததை உங்களிடம் மறைக்கப்போவதில்லை. பூரணிக்குத்தான் அது பிறகு தெரிந்தது.

நந்தகோபால் தோல் பதனிடும் ஒரு டேனரியில் தரம் பிரிக்கிற செலக்டர். இருபத்திரண்டு வருஷ வேலை. மேஜைமேல் தோல் வந்து விழுந்தால் உள்ளங்கையால் முன்னும் பின்னும் ஒரு தேய்ப்பு. ஒண்ணு, ரெண்டு, ரிஜெக்ட். அவன் சொன்னால் சொன்னதுதான். முதலாளியே மறுபேச்சு பேசமாட்டார். அந்தக் கை எங்கே போனாலும் சும்மா இருக்காது. துணிக்கடையில் புடவையைத் தேய்க்கும், தங்கையைப் பெண் பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குப் பதில் மரியாதைக்குப் போனபோது அவர்கள் சோபாவைத் தேய்த்தது.

அன்று வெள்ளிக்கிழமை. வாஹித் பாஷா பிளேட்டைப் பிரித்து, சுத்தமான துணிமேல் வைத்துவிட்டு ஜும்மா தொழுகைக்குப் போயிருந்தார். பூரணி கம்பெனியில் இருந்தாள். நந்தகோபால் டேனரியிலிருந்து நேராக வந்தான். காலையெல்லாம் எண்ணெய் ஊட்டிய தோல்களில் புழங்கிய கை; பேண்டில் துடைத்தால் போகிற எண்ணெயா அது? பிளேட்டை எடுத்தான். முன்பக்கம் ஒரு தேய்ப்பு, பின்பக்கம் ஒரு தேய்ப்பு. "நல்ல சரக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு திரும்ப வைத்துவிட்டுப் போனான். பிடி கொடுக்கிற லைனிங் கருப்பு. எண்ணெய் ஊறியது வெளியே தெரியவில்லை. பாய் வந்தார், மாட்டினார்.

புது பிளேட்டை உடனே விரட்டக்கூடாது. எண்ணூறு கிலோமீட்டராவது மெதுவாக ஓட்டிப் பழக்க வேண்டும். பூரணி ஆலங்காயம் போனாள், அரக்கோணம் போனாள், டர்போ சத்தமே வராமல் ஓட்டினாள். கிளப்பும்போது லேசாக ஒரு உதறல் இருந்தது. புதுசு, படிந்துவிடும் என்று நினைத்தாள்.

முதல் தேர்வு நாளன்று மூன்றாவது சுற்றில் க்ளட்ச் வழுக்கியது. இன்ஜின் அலறியது. கருகிய வாசனை வண்டிக்குள் வந்தது. ஐந்தாவது சுற்றில் அவளே ஓரம்கட்டி இறங்கினாள்.

டீம் மேனேஜர் ஜோசுவா வந்து குனிந்து பார்த்தார். "இன்னா ஆச்சு?"

பூரணி வாயைத் திறப்பதற்குள், கூட வந்திருந்த நந்தகோபால் முந்திக்கொண்டான். "க்ளட்ச் பெடல் மேலயே கால வச்சினு ஓட்டுவா சார், அதான் எரியுது. வீட்ல நானும் சொல்லிச் சொல்லி பேஜாராயிட்டேன். லேடீஸ் காலு, இன்னா பண்றது."

சுற்றி நின்ற ஏழெட்டுப் பேர் சிரித்தார்கள். ஜோசுவா சிரிக்கவில்லை. கையிலிருந்த அட்டையில் ஏதோ எழுதினார். இரண்டு நாள் கழித்து செய்தி வந்தது: இரண்டாவது தேர்வுப் பட்டியலில் பூரணியின் பெயர் இல்லை. பெடல் பழக்கத்தைச் சரிசெய்துகொண்டு அடுத்த வருஷம் முயற்சி செய்யலாம்.

அந்தச் செய்தியை அவள் எத்தனை முறை படித்தாள் என்று கேட்காதீர்கள். அழவில்லை. அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டுக்கு எதிரே போனை வைத்தாள்.

"நான் எப்பண்ணா க்ளட்ச் மேல கால வச்சேன்?"

"பின்ன எதுக்கு எரியுது? புது பிளேட்டு."

"நீ பாத்தியா?"

"பாத்தாத்தான் தெரியணுமா? இருபத்திரண்டு வருஷமா லாரி டிரைவருங்களப் பாக்கறவன் நான்."

அவன் குழம்பு கேட்டான். அவள் ஊற்றவில்லை. சட்டியை அவன் பக்கம் தள்ளிவிட்டு எழுந்துபோனாள்.

மறுநாளே தபரேஸுக்குப் போன் செய்தாள். வண்டி ஓடும்போது நடப்பதையெல்லாம் அந்தக் கம்ப்யூட்டர் குறித்துவைக்கும். பெடலில் கால் பட்டாலும் குறிக்கும். தபரேஸ் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினான்.

"இந்தக் கோடு பெடல். கியர் மாத்தறப்ப மட்டும் ஏறி எறங்குது பாருங்க. மத்த நேரம் தரையோட தரையா கெடக்கு. வழுக்குன எடத்துல உங்க காலு பெடல் பக்கமே இல்ல அக்கா."

"இத ஜோசுவா சாருக்கு அனுப்பு. இப்பவே."

அனுப்பினான். மாலையில் பதில் வந்தது. கால் தப்பில்லை என்றால் பிளேட் ஏன் வழுக்கியது? காரணத்தைக் காட்டினால் பெயரைச் சேர்ப்பதைப் பற்றிப் பார்க்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை தபரேஸும் வந்திருக்க, ஷெட்டில் கியர்பாக்ஸை இறக்கினார்கள். நந்தகோபாலும் அவள் வண்டியிலேயே ஏறி வந்து, முக்காலியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தான். "பாருங்க பாய், சுத்தி ஒரே மாதிரி எரிஞ்சிருக்கும். மிதிச்சினே ஓட்டினா அப்டித்தான்."

வாஹித் பாஷா பிளேட்டை விளிம்பில் பிடித்து வெளிச்சத்துக்கு எடுத்தார். ஒரே மாதிரி எரியவில்லை. திட்டுத்திட்டாக, கண்ணாடி போல இறுகிப் பளபளத்தது. ஒரு அகலமான திட்டு. அதை ஒட்டி நீளமாக நாலு. திருப்பினார். பின்பக்கமும் அதே.

இன்ஜின் ஆயில் கசிந்திருக்கிறதா என்று உள்ளே விரலை விட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. பிளேட்டை மூக்கருகே கொண்டுபோனார்.

"பூரணிம்மா, இது வண்டி ஆயில் இல்ல. டேனரி வாசன அடிக்குது. நான் விளிம்பத் தவிர எங்கயும் தொடமாட்டேன். அல்லா மேல ஆணை."

பூரணி தன் கையை அந்தத் திட்டுக்கு மேலே, படாமல் விரித்துப் பார்த்தாள். அவள் கை சின்னது. தபரேஸ் தன் கையைப் பார்த்தான். நந்தகோபால் டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு வலது கையைப் பேண்ட் பாக்கெட்டில் விட்டான்.

"அண்ணா, கைய வெளிய எடு."

"இன்னாத்துக்கு?"

"எடு."

அவன் எடுக்கவில்லை. "ஒரு தடவ தொட்டேன். சரக்கு எப்டினு பாத்தேன். உன் நல்லதுக்குத்தான பாத்தேன்? அதுக்கு இன்னா இப்ப?"

"தொட்டத நான் கேக்கல. தெரியாம தொட்ட, சரி. அத்தன பேரு முன்னாடி என் காலச் சொன்னியே, அது எந்த நல்லதுக்கு?"

"தெரியாமத்தான் சொன்னேன்."

"தெரியாம எந்தத் தோலயாவது ரிஜெக்ட்னு தள்ளியிருக்கியா நீ? முன்னும் பின்னும் திருப்பிப் பாத்துட்டுத்தான வாயத் தெறப்ப? என்ன ஒரு தடவகூடத் திருப்பிப் பாக்கல."

பூரணியின் குரல் ஏறவில்லை. அறுபது மெஷின் இரைச்சலில் வேலை வாங்குகிறவளுக்குக் கத்தத் தெரியாமல் இல்லை. பிளேட்டைப் படம் எடுத்தாள், ஜோசுவாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரை வைத்து அண்ணன் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"ஏய், வெளியாளு கிட்ட நான்..." என்று அவன் பின்வாங்கினான்.

"அன்னிக்கும் வெளியாளு கிட்டதான் சொன்ன."

போனில் "ஹலோ" என்றார் ஜோசுவா. நந்தகோபால் தொண்டையைச் செருமினான்.

"சார், பூரணி அண்ணன் பேசறேன். பிளேட்டுல எண்ண பட்டிருக்குது சார். அதான் வழுக்கிடுச்சு."

பூரணி போனை இன்னும் கிட்டே கொண்டுபோனாள். "யாரு கை?"

அவன் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அடிக்கக் கை ஓங்கியவன் பார்வை. அவள் இமைக்கவில்லை.

"என் கைதான் சார். எண்ணக் கையோட தொட்டுட்டேன். அவ கால் மேல தப்பில்ல."

மறுமுனையில் ஏதோ எழுதுகிற இடைவெளி. பிறகு ஜோசுவா சொன்னார்: "படம் அனுப்பச் சொல்லுங்க. பூரணி, அடுத்த மாசம் இருபத்தாறாம் தேதி காலைல ஆறு மணிக்கு டிராக்ல இருங்க. பேரு எழுதிட்டேன்."

போனை வைத்தாள். நந்தகோபால் முகம் கறுத்துப்போயிருந்தது. "இப்ப திருப்தியா உனக்கு?"

"இல்ல. அன்னிக்குச் சிரிச்சவங்க ஏழெட்டுப் பேரு. அவங்க யாரும் இதக் கேக்கல." அவள் ஷெட்டின் வாசலைக் காட்டினாள். "வண்டி தூக்கி நிக்குது. நீ பஸ் புடிச்சுப் போ."

அவன் கொஞ்சநேரம் நின்றான். பாய் ஏதாவது சமாதானம் சொல்வார் என்று எதிர்பார்த்தான் போல. பாய் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவன் இறங்கி பைபாஸைப் பார்த்து நடந்தான்.

"புது பிளேட்டு எப்ப வரும் பாய்?"

"அடுத்த வியாழக்கிழம வந்துரும்மா."

"நான் லீவு போட்டுட்டு வர்றேன். நான் வந்தப்புறம் பொட்டியப் பிரிங்க."